கஞ்சாவும் அடிமையும்: மும்பைத் தமிழரை முன்னிறுத்திய ஒரு சொல் வரலாறு

1. முன்னுரை

மும்பையில் வாழும் தமிழர்க்கு ஒரு நோயின் பெயர் ஒரே மொழியில் வந்து சேர்வதில்லை. மருத்துவர் குறிப்பேட்டில் எழுதுவது ஆங்கிலம். அரசு சார்ந்த நிறுவனங்களின் வாயிற்பலகையில் காணப்படுவது மராத்தி. புறநோயாளர் பிரிவில் கேட்கப்படும் வினா பெரும்பாலும் இந்தி. வீடு திரும்பியபின் குடும்பத்தார் அதனை உணர்ந்துகொள்ளும் மொழி தமிழ். தோல் பதனிடும் தொழிலையும் பிற கூலித்தொழில்களையும் நாடித் தாராவியில் குடியேறிய திருநெல்வேலிப் பகுதி மக்கள், 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விக் கழகத்தைச் சூழ்ந்து வளர்ந்த மாதுங்காவின் நடுத்தர வகுப்பினர், பின்னர்ச் செம்பூரில் பரவிய குடும்பங்கள் ஆகிய முத்திறத்தார்க்கும் இந்நிலை பொதுவானது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மகாராட்டிர மாநிலத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் 5 லட்சத்திற்குச் சற்று மேற்பட்டவர்.

இவ்வாறு நான்கு மொழிகளின் வழியே பயணம் செய்யும் ஒரு மருத்துவக் கருத்து இறுதியில் என்ன பொருளுடன் தமிழை அடைகிறது என்னும் வினாவைக் கஞ்சாவையும் அதன் தீங்கையும் குறிக்கும் சொற்களைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். போதைப்பழக்கத்தை ஒரு குடியிருப்புக்கோ ஓர் இனத்தார்க்கோ உரியதாகக் காட்டுவது நோக்கமன்று. கஞ்சாவின் தீங்கு பற்றிய அறிவு கடந்த நூற்று முப்பது ஆண்டுகளில் பலமுறை திருத்தம் பெற்றுள்ளது. ஒவ்வொரு திருத்தமும் ஒரு சொல்லின் பொருள் எல்லையைத் திருத்தியதாகவே அமைந்தது. தமிழ் மொழிபெயர்ப்போ இத்திருத்தங்களைப் பெரும்பாலும் பின்பற்றாமல், பொருளைக் 'கஞ்சா' என்னும் ஒரே சொல்லாலும் நிலையை 'அடிமை' என்னும் ஒரே சொல்லாலும் குறித்து வந்துள்ளது. இதனால் தீங்கு சில இடங்களில் மிகைபடவும் சில இடங்களில் குறைபடவும் உரைக்கப்படுகிறது என்பதே இங்கு நிறுவப்பெறும் கருத்தாகும்.

2. பொருளைக் குறிக்கும் சொற்கள்

வட இந்திய மொழிகளில் ஒரே செடியின் மூன்று வேறு பொருள்களுக்கு மூன்று பெயர்கள் உண்டு. இலையிலிருந்து பெறுவது பாங், பெண் செடியின் பூந்துணர் கஞ்சா, பிசின் சரஸ். இம்மூன்றும் ஆற்றலால் வேறுபட்டவை. இலையில் போதைதரும் வேதிப்பொருள் குறைவு, பூந்துணரில் மிகுதி, பிசினில் அதனினும் மிகுதி. தமிழில் செடி, இலை, பூ, பிசின் ஆகிய யாவும் பொதுவழக்கில் கஞ்சா என்னும் ஒரு சொல்லால் சுட்டப்பெறுகின்றன. பங்கி, சிவமூலி முதலிய பெயர்கள் இருப்பினும் அவை இப்பாகுபாட்டை உணர்த்தப் பயன்படுவதில்லை. மும்பைத் தமிழரோ பாங், சரஸ் ஆகியவற்றை இந்தி, மராத்தி வழியே அறிந்திருப்பதால், அவர்கள் பேச்சில் இம்முப்பாகுபாடு இயல்பாக இடம்பெறுகிறது. பேச்சிலுள்ள இவ்வேறுபாடு எழுத்துத் தமிழுக்கு மாற்றப்படும்பொழுது மறைந்துவிடுகிறது.

ஆங்கிலத்தினின்று நேரே பெயர்ப்போர்க்கு மற்றோர் இடரும் உண்டு. ஆங்கிலத்தில் இச்செடியை 'ஹெம்ப்' என்பர். அகராதி நோக்கில் இதற்குச் சணல் எனப் பொருள் கொள்வோர் உளர். தமிழில் சணப்பு என்பது பசுந்தாள் உரமாகவும் நாருக்காகவும் பயிரிடப்படும், அவரைக் குடும்பத்தைச் சார்ந்த வேறொரு செடி. சணல் என்பதோ இன்றைய வழக்கில் சாக்குப்பை செய்யும் வங்காள நாரையே குறிக்கிறது. ஆகவே 'இந்தியச் சணல்' என்னும் பெயர்ப்பு, படிப்போரைச் சாக்குக்கடைக்கு இட்டுச் செல்லுமேயன்றி உரிய பொருளை உணர்த்தாது.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று, சட்ட விளைவுடையது. 1961ஆம் ஆண்டின் போதைப்பொருள் ஒற்றை உடன்படிக்கை, பூந்துணரை வரையறுக்கும்பொழுது துணரோடு சேராத விதையையும் இலையையும் விலக்கியது. 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த இந்தியப் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டமும் அவ்வாறே கஞ்சாவை வரையறுத்தது. பாங் அவ்வரையறைக்குப் புறம்பாகி, மாநிலச் சட்டங்களின் ஆட்சிக்குட்பட்டது. 2001ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி 'சிறிய அளவு' என்பது கஞ்சாவுக்கு 1 கிலோகிராம். சரஸுக்கு 100 கிராம். 'வணிக அளவு' முன்னதற்கு 20 கிலோகிராம். பின்னதற்கு 1 கிலோகிராம். தமிழில் அளிக்கப்பெற்ற ஒரு வாக்குமூலத்தில் 'கஞ்சா இலை' என்றிருப்பதைக் கஞ்சா என்று மட்டும் பெயர்த்தால், அச்சட்டத்திற்குட்படாத ஒரு பொருள் உட்பட்டதாகிவிடும். பிசினைக் கஞ்சா என்று பெயர்த்தால் அளவுக் கணக்கே பத்து மடங்கு, இருபது மடங்கு பிறழும்.

3. 1893-94ஆம் ஆண்டு விசாரணையும் ஒரு பதிவேட்டுக் கட்டமும்

கஞ்சாவின் தீங்கு பற்றிய முதற் பேராய்வு இந்திய மண்ணிலேயே நிகழ்ந்தது. 1893இல் பிரித்தானியப் பொதுமக்கள் அவையில் எழுப்பப்பெற்ற வினாவின் விளைவாக, மெக்வொர்த் யங் தலைமையில் எழுவர் கொண்ட ஆணையம் அமைக்கப்பெற்றது. அவருள் மூவர் இந்தியர். 1,193 சாட்சியங்கள் பெறப்பட்டன. 1894இல் வெளிவந்த அறிக்கை, மிதமான பயன்பாடு பொதுவாகக் குறிப்பிடத்தக்க தீங்கு விளைவிப்பதில்லை என்றும், மிகையான பயன்பாடு உடலுக்கும் மனத்துக்கும் தீங்கானது என்றும் முடிவு கூறியது.

மொழியாய்வாளர்க்கு இவ்வறிக்கையில் இரு செய்திகள் சிறப்பாக நோக்கத்தக்கன. ஒன்று, பின்னாளில் இந்திய மொழியியல் அளவீட்டை நிகழ்த்திய ஜார்ஜ் கிரியர்சன், சமஸ்கிருத, இந்தி இலக்கியங்களில் இச்செடி பற்றிய குறிப்புகளைத் தொகுத்து இவ்வாணையத்திற்கு அளித்தமை. பம்பாயில் நிலவரி, சுங்கம், அபினி ஆகியவற்றின் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் காம்பெல், இச்செடியைச் சூழ்ந்த சமய நம்பிக்கைகளைப் பற்றி ஒரு குறிப்பு வழங்கினார். கிரியர்சனுடைய குறிப்பின் தலைப்பே இரு மொழிகளை மட்டும் சுட்டுவதால், தென்மொழிகளின் சொல்வளம் அவ்வாய்வில் இடம்பெற வாய்ப்பில்லாது போயிற்று. பாங், கஞ்சா, சரஸ் என்னும் வடநாட்டுப் பாகுபாடே அறிக்கையின் கலைச்சொல்லாகி, அங்கிருந்து ஆட்சிமொழிக்கும் சட்டமொழிக்கும் சென்றது. இன்றும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டின் தொடக்கங்களுள் இதுவும் ஒன்றெனலாம்.

மற்றொன்று, மனநோய் இல்லங்களின் பதிவேடு பற்றியது. அக்காலத்தில் நோயாளியை அனுப்பும்பொழுது 'நோய்க்குக் காரணம்' என்னும் கட்டம் காவல்துறையாலும் நீதித்துறை அலுவலராலும் நிரப்பப்பெற்றது. அந்நோயாளி கஞ்சா பயன்படுத்துபவர் என்று யாரேனும் கூறினால், அதுவே காரணமாக எழுதப்பெறுவது வழக்கமாயிருந்தது. ஆண்டறிக்கைகள் அக்கட்டத்தைக் கூட்டிக் கணக்கிட்டன. அக்கணக்கே அறிவியற் சான்றாயிற்று. ஆணையம் 1892ஆம் ஆண்டு அனுமதிகளைத் தனித்தனியே ஆராய்ந்தது. கஞ்சா முதலியவற்றால் நேர்ந்தனவாகக் காட்டப்பட்ட 222 நேர்வுகளுள் 98 மட்டுமே ஓரளவு உறுதியுடன் ஏற்கத்தக்கன என்று கண்டது. பயன்படுத்தியவர் என்பதும் அதனால் நோயுற்றவர் என்பதும் வேறு வேறு கருத்துகள். பதிவேட்டின் கட்டம் இரண்டையும் ஒரே சொல்லால் நிரப்பியதே பிழையின் வேர்.

எனினும், இவ்வாணையம் கஞ்சாவுக்கும் மனநோய்க்கும் தொடர்பே இல்லை என்று கூறியதாகக் காட்டுவோர் அறிக்கையைப் பிழைபடப் பொருள் கொள்பவராவர். 124 நேர்வுகள் நீங்கின, 98 எஞ்சின. மிகைபடக் கூறியதைத் திருத்துவது வேறு, முற்றிலும் மறுப்பது வேறு.

4. 'குடித்தல்' என்னும் வினை

பொருளைக் குறிக்கும் பெயரைப் போன்றே, செயலைக் குறிக்கும் வினையும் ஆராயத்தக்கது. தமிழில் பீடியும் சுருட்டும் குடிக்கப்படுவன. நீரும் பாலும் குடிக்கப்படுவன. கள்ளும் சாராயமும் குடிக்கப்படுவன. எச்செயப்படுபொருளும் இன்றி நிற்கும்பொழுது குடித்தல் மதுவையே குறிக்கும். 'அவன் குடிப்பான்' என்னும் தொடரின் பொருள் தமிழ் கேட்போர் எவர்க்கும் ஐயமின்றி விளங்கும். பேச்சுவழக்கில் கஞ்சா குடித்தல், கஞ்சா அடித்தல், கஞ்சா இழுத்தல் ஆகிய மூன்றும் உண்டு. இவற்றுள் முதலது, புகைத்தலையும் பாலில் கலந்து பருகுதலையும் வேறுபடுத்தாது.

மருத்துவ நோக்கில் இவ்வேறுபாடு இன்றியமையாதது. புகையாக உட்கொண்ட கஞ்சாவின் விளைவு சில நிமிடங்களில் தோன்றிச் சில மணி நேரத்தில் தணியும். உண்ணப்பட்ட அல்லது பருகப்பட்டதன் விளைவு அரை மணி முதல் இரண்டு மணி நேரம் கழித்தே தோன்றி நெடுநேரம் நீடிக்கும். விளைவு காணாமையால் மீண்டும் உட்கொள்வோர் மிகைமயக்கமுறுவது இதனாலேயே. நீடித்த இருமலும் சளியும் புகைத்தலின் விளைவுகள். பருகுதலுக்கு அவை உரியனவல்ல. மருத்துவமனையில் 'குடிப்பீர்களா' என்று தமிழில் கேட்டால், கஞ்சா புகைப்பவர் மது அருந்தாதவராயின் 'இல்லை' என்பார். அவ்விடை பொய்யன்று, வினாவே போதாதது.

5. அடிமை, வியசனம், சார்பு

தீங்கின் நிலையைக் குறிக்கும் சொற்களுள் தமிழில் மிகுந்த ஆட்சி பெற்றது அடிமை. போதைக்கு அடிமையானவர், அடிமைத்தனத்திலிருந்து மீட்பு எனும் தொடர்கள் செய்தித்தாளிலும் பாடநூலிலும் வேரூன்றியுள்ளன. சொற்பிறப்பு நோக்கில் இது தவறன்று. ஆங்கிலத்தின் 'அடிக்ட்' என்னும் சொல் இலத்தீன் மூலத்தையுடையது. உரோமச் சட்டத்தில், கடனைத் தீர்க்க இயலாமையால் நடுவரால் கடன் கொடுத்தோனிடம் ஒப்படைக்கப்பெற்றவனை அது குறித்தது. ஆகவே அடிமை என்பது மூலச்சொல்லின் உட்பொருளை அப்படியே ஏந்தியுள்ளது எனலாம்.

ஆயின், மூலமொழியில் அச்சொல் மருத்துவக் கலைச்சொல் என்னும் தகுதியைப் பின்னர் இழந்தது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு 1964இல், அதுவரை வழங்கிய 'அடிக்‌ஷன்', 'ஹாபிச்சுவேஷன்' என்னும் இரு சொற்களுக்கும் மாற்றாக 'டிபென்டென்ஸ்' என்பதைப் பரிந்துரைத்தது. 1990இல் ஏற்கப்பெற்ற பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பு, கஞ்சா தொடர்பான நிலைகளைத் தனித்தனியே பகுத்தது. உடனடி மயக்கம், தீங்கான பயன்பாடு, சார்புநிலை, விலகல்நிலை, உளப்பிறழ்வு என்பன அவை. 2013இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் ஐந்தாம் கையேடு, 11 அளவுகோல்களை வகுத்து, அவற்றுள் இரண்டேனும் 12 திங்களுக்குள் காணப்படின் பயன்பாட்டுக் கோளாறு எனக் கொண்டது. எண்ணிக்கைக்கேற்ப அதனை மென்மை, நடுமை, கடுமை எனத் தரப்படுத்தியது. அடிமை என்னும் சொல்லிலோ தரவேறுபாட்டிற்கு இடமில்லை. ஒருவர் அடிமையாவார் அல்லது ஆகார். சிறிதளவு அடிமை என்பது தமிழாகாது.

மும்பைத் தமிழர் இங்கு மற்றொரு சொல்லையும் எதிர்கொள்கின்றனர். மராத்தியில் தீய பழக்கத்தை 'வியசன்' என்பர். போதை மீட்பு நிலையங்கள் 'வியசன்முக்தி கேந்திரம்' என்று வழங்கப்பெறுகின்றன. புனேயில் 1986இல் அனிதா அவசட், அனில் அவசட் ஆகியோரால் தொடங்கப்பெற்ற முக்தாங்கண் அவ்வகையில் பரவலாக அறியப்பெற்றது. இச்சொல்லின் மூலமான சமஸ்கிருத வியசனம் தமிழிலும் விசனம் எனத் தற்பவமாக வழங்குகிறது. தமிழில் அதன் பொருளோ துயரம். மூலமொழியில் கேடு, துன்பம், தீயொழுக்கம் ஆகிய பொருள்கள் யாவும் உள. மராத்தி ஒன்றைக் கைக்கொண்டது, தமிழ் மற்றொன்றைக் கைக்கொண்டது. விசனமுற்றவர் என்னும் தமிழ்த்தொடர் இரங்கத்தக்கவரைச் சுட்டும். வியசனி என்னும் மராத்திச்சொல் கடியத்தக்கவரைச் சுட்டும். ஒரே வேரிலிருந்து பிறந்தும் ஒன்று பரிவையும் மற்றொன்று பழிப்பையும் ஏந்தி நிற்பது கருதத்தக்கது.

நகரத் தெருவழக்கு இதனினும் கடுமையானது. சரஸ் பயன்படுத்துபவரைக் குறித்த 'சர்சி' பொதுவான வசைச்சொல்லாயிற்று. 1980களில் பம்பாயில் 'பிரவுன் சுகர்' எனப்பட்ட தூய்மையற்ற ஹெராயின் பரவியபொழுது, அதனைக் குறித்த 'கர்த்' என்னும் சொல்லிலிருந்து 'கர்துல்லா' என்னும் பெயர் எழுந்தது. அப்பெயர் பின்னர் வேறு போதைப்பொருள்களைப் பயன்படுத்துவோர்க்கும் ஏற்றப்பட்டது. அளவு மிகின் மூச்சை நிறுத்தவல்லது ஹெராயின். கஞ்சாவின் தீங்கு வேறு வகையினது. இருவர்க்கும் ஒரே பெயர் வழங்குமிடத்து இருவகைத் தீங்கும் விளங்காமற் போகின்றன.

சட்டத்தில் இந்நிலை வேறொரு திருப்பம் பெறுகிறது. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் 1985ஆம் ஆண்டுச் சட்டம், 'அடிக்ட்' என்பவரைச் 'சார்புநிலையுடையவர்' என்றே வரையறுக்கிறது. அச்சட்டத்தின் 64-அ பிரிவு, பயன்பாட்டுக் குற்றமோ சிறிய அளவு தொடர்பான குற்றமோ சாட்டப்பெற்ற அத்தகையவர், அரசு ஏற்பு பெற்ற இடத்தில் தாமே முன்வந்து மருத்துவம் மேற்கொள்வாராயின், வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. எனவே சட்டத்தில் அச்சொல் ஒரு வாயிலைத் திறக்கிறது. தமிழில் அதற்கீடான அடிமை என்னும் சொல்லோ அவ்வாயிலை நாடிச் செல்லவே நாணச் செய்கிறது. தம்மை அடிமை என ஒப்புக்கொள்ள எவர் முன்வருவர்?

6. இன்றைய மருத்துவ அறிவும் சொல்லின் தேவையும்

கஞ்சாவின் முதன்மைப் போதைப்பொருளான டெட்ராஹைட்ரோகன்னாபினாலை 1964இல் இசுரேலில் கயோனியும் மெக்கூலமும் பிரித்தறிந்தனர். மூளையில் அது பொருந்தும் ஏற்பி 1988இல் கண்டறியப்பட்டது. உடலே இயல்பாகச் சுரந்து அவ்வேற்பியில் பொருந்தும் பொருள் 1992இல் கண்டறியப்பட்டபொழுது, அதற்கு ஆனந்தம் என்னும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து 'ஆனந்தமைடு' எனப் பெயரிட்டனர். தமிழ் படிப்போர்க்குப் பெயர்ப்பு வேண்டாத அரிய கலைச்சொல் இது.

சார்புநிலை எத்துணைப் பேர்க்கு நேர்கிறது என்பது அடுத்த வினா. கஞ்சாவை ஒருமுறையேனும் பயன்படுத்தியோருள் ஏறத்தாழ 9 விழுக்காட்டினர் சார்புநிலை எய்தினர் என அமெரிக்க ஆய்வுகள் மதிப்பிட்டன. வளரிளம் பருவத்தில் தொடங்கியோரிடத்து இவ்வளவு ஆறில் ஒருவர் என்னும் நிலைக்கு உயர்கிறது. 'கஞ்சா தொட்டவர் யாவரும் அடிமை' என்பதும் 'கஞ்சாவுக்கு யாரும் அடிமையாவதில்லை' என்பதும் ஒருங்கே பொய்யென்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. நாள்தோறும் பயன்படுத்தியோர் நிறுத்தும்பொழுது எரிச்சல், உறக்கமின்மை, பசியின்மை, மனக்கலக்கம் ஆகியன ஓரிரு நாளில் தோன்றி, முதல் வாரத்தில் மிகுந்து, இரு வாரமளவில் தணியும். இதனை 2013க்கு முன் அமெரிக்கக் கையேடு தனிநோயாக ஏற்றிலது. கோபம் மிகுந்த ஒருவரைக் கண்டு 'நிறுத்தியபின் கெட்டுவிட்டான்' என்று குடும்பம் கருதுமிடத்து, விலகல்நிலை என்னும் சொல் அறிமுகமாயிருப்பின் அவர் மீண்டும் கஞ்சாவை நாடுவதைத் தடுக்க இயலும்.

உளப்பிறழ்வைப் பொறுத்தவரை, சுவீடன் நாட்டில் படைப்பணிக்கு அழைக்கப்பெற்ற ஏறத்தாழ 45,000 இளைஞரைத் தொடர்ந்து நோக்கி 1987இல் வெளியான ஆய்வு, 50 முறைக்கு மேல் பயன்படுத்தியோரிடம் மனச்சிதைவு நேரும் வாய்ப்பு ஆறு மடங்கு எனக் கண்டது. பிற காரணிகளைக் கணக்கிட்டபொழுது அம்மடங்கு குறைந்தது, முற்றிலும் மறையவில்லை. 2019இல் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் நிகழ்ந்த ஆய்வு, ஆற்றல் மிகுந்த வகையை நாள்தோறும் பயன்படுத்துவோரிடம் உளப்பிறழ்வு வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்றது. நினைவாற்றலும் கவனமும் குன்றுதல், வண்டி ஓட்டுகையில் விபத்து நேரும் வாய்ப்பு மிகுதல், கருவுற்ற தாய் புகைப்பின் குழந்தையின் எடை குறைதல் ஆகியனவும் சான்றுபெற்ற தீங்குகள்.

ஆற்றல் என்னும் கூறு 1894ஆம் ஆண்டு முடிவை இன்று மேற்கோள் காட்டுவோர் மறக்கலாகாதது. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட மாதிரிகளில் போதைப்பொருளின் விழுக்காடு 1995இல் ஏறத்தாழ 4 ஆக இருந்தது. 2014இல் ஏறத்தாழ 12 ஆயிற்று. 'மிதம்' என்னும் சொல் மாறவில்லை. அது அளந்த பொருள் மாறிவிட்டது.

இந்திய அரசின் சார்பில் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நிகழ்த்தி 2019இல் வெளியிட்ட அளவீட்டின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்டோருள் 2.8 விழுக்காட்டினர், அஃதாவது ஏறத்தாழ 3.1 கோடிப் பேர், முந்தைய ஓராண்டில் கஞ்சாச் செடிப் பொருளொன்றைப் பயன்படுத்தியிருந்தனர். அவருள் உதவி தேவைப்படுவோர் ஏறத்தாழ 72 லட்சம். இவ்வளவீடு பாங்கையும் கஞ்சா, சரஸ் ஆகியவற்றையும் பிரித்துக் கணக்கிட்டதாலேயே, பாங் பயன்படுத்துவோர் மிகுதியாயினும் சார்புநிலை எய்துவோர் விகிதம் ஏனையவற்றிலேயே மிகுதி என்பதை அறிய முடிந்தது. அனைத்தையும் கஞ்சா என்று பெயர்த்தால் இம்முடிவைத் தமிழில் கூறவே இயலாது.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மொழிபெயர்ப்பாளர் கைக்கொள்ளத்தக்க நெறிகள் சில பெறப்படுகின்றன. முதலாவது, பொருளைப் பெயர்க்கும்பொழுது பாங், கஞ்சா, சரஸ் என்றோ, கஞ்சா இலை, கஞ்சாப் பூ, கஞ்சாப் பிசின் என்றோ பிரித்துரைத்தல். செடியைச் சணல் என்னாமை. இரண்டாவது, புகைத்தல், பருகுதல், உண்ணுதல் என வினையைத் தெளிவாக்குதல். மூன்றாவது, பயன்பாடு, தீங்கான பயன்பாடு, சார்புநிலை, விலகல்நிலை என்பவற்றை ஒன்றற்கொன்று மாற்றாக வழங்காமை.

சார்பு என்னும் சொல்லுக்கும் ஒரு குறை உண்டு. ஒருவரையொருவர் சார்ந்து வாழ்தல் தமிழர் வாழ்வில் நற்பண்பாதலின், அச்சொல் தனித்து நின்று நோயை உணர்த்தாது. குடிகாரன் என்னும் பழிச்சொல்லின் அருகே குடிநோயாளி என்னும் சொல் தோன்றி இன்று பரவலாக வழங்குவது இதற்கு வழிகாட்டும். நோய் என்னும் பின்னொட்டு, பழியை நீக்கி மருத்துவத்தை நினைவூட்டியது. அவ்வழியே 'கஞ்சாச் சார்புநோய்' எனல் பொருந்தும். ஆனால் பயன்படுத்தியோர் அனைவரையும் நோயாளி எனின், 1892ஆம் ஆண்டுப் பதிவேட்டின் பிழையே மீளும். உரிய அளவுகோல்கள் நிறைந்தவிடத்து மட்டுமே இச்சொல்லை ஆளவேண்டும்.

பெருநகர் மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்தும் நகரம் மும்பை. அங்குள்ள மருத்துவமனைகளுக்கென ஆங்கிலம், மராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் இச்சொற்களை வரையறையோடு தரும் சிறு கையேடு ஒன்று தொகுக்கப்பெறுமாயின், வியசனும் விசனமும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் நீங்கும். தாராவியிலிருந்து வரும் இளைஞரொருவர் தம் நிலை இன்னதென்று தம் மொழியில் கூறவும், கேட்போர் அதனை மிகைப்படுத்தாமலும் குறைத்து மதிப்பிடாமலும் எழுதிக்கொள்ளவும் இயலும். மொழியியலாரும் மருத்துவரும் கூடிச் செய்யவேண்டிய பணி இது.